ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு

கல்யாண மாப்பிள்ளையே கழுத்துப் பொத்தானைத் திறந்து விட்டுக்கொண்டு மேடைக்கு வரும் ஊர் டெல் அவீவ். அங்கே ஆகஸ்ட் மாத வெயிலில் கோட்டும் டையுமாக ஒருவர் தெருவில் நின்றால், அவர் டாக்டர் எர்வின் ரோசன்ஹைமாகத்தான் இருக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து வந்து நாற்பது வருடமாகியும் வெயிலால் அவரை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. சட்டத்தில் வாங்கிய பட்டம். அதை 'துப்பறியும் நிலையம்' போர்டில் பெரிதாக எழுதிப் போட்டிருப்பதால், கேஸ் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். உதவியாளர் வயலட் ஷஷுவாவுக்கு அதைப் பார்ப்பதில் தினமும் ஒரு புதுச் சந்தோஷம்.

அன்று காலை இருவரும் நஹலத் பின்யாமின் தெருவில், சாதோக்கின் பெட்டிக்கடை நிழலில் ஒதுங்கி நின்றார்கள். எதிரே இருந்த ஊசி நூல் கடை இன்னும் திறக்கவில்லை. அந்தக் கடைக்காரிதான் அவர்களை வரச் சொன்னவர். டாக்டர் கடைப் பலகை மேல் பேப்பரை விரித்து, குறுக்கெழுத்தில் பென்சிலை ஊன்றினார்.

எதிர்ப்பக்கம் நின்று எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்த சாதோக், "அந்த ஆறெழுத்துல முரட்டுப் பிராணிக்குக் கோவேறு கழுதைன்னு போடுங்க, சார். கட்டம் சரியா வரும்" என்றார்.

"என் கட்டங்களை நானே நிரப்பிக்கொள்வேன்" என்றார் டாக்டர் விறைப்பாக. அவர் பேசும் ஹீப்ரு எப்போதுமே இஸ்திரி போட்டதுதான்.

"உங்களைச் சொல்லல டாக்டர், கேள்விக்குப் பதில் சொன்னாரு" என்றாள் வயலட். பிறகு சாதோக்கிடம், "கண்ணு, செய்தி நேரமாச்சே, ரேடியோ எங்க?"

"ரிப்பேரு."

ரேடியோ இல்லாத பெட்டிக்கடையை வயலட் இந்த ஊரில் பார்த்ததே இல்லை. சோடா இல்லாமல்கூடக் கடை நடத்தலாம், மணிக்கொரு செய்தி இல்லாமல் முடியாது. கீழே விழுந்த உறிஞ்சு குழலை எடுக்கக் குனிந்தபோது, பலகைக்கு அடியில் ஊறுகாய் டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ துண்டு போர்த்திப் படுத்திருந்தது. ரிப்பேருக்குப் போன ரேடியோ இங்கே என்ன தூக்கம் போடுகிறது என்று நினைத்தாள். அதற்குள் எதிர்க் கடை ஷட்டர் கடகடவென்று மேலே போயிற்று.

கடைக்காரி ருஹாமா ஸில்பருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகாதவர். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. குண்டூசிகளை எடுத்துவிட்டுத்தான் உட்காரச் சொன்னார்.

"ரேடியோல இப்ப மணிக்கு ஒரு தரம் போடறானே, 'மூன்று குடுவை'ன்னு ஒரு பாட்டு, தெரியுமா?"

"தெரியாதவங்க உண்டா? தடை போட்ட பாட்டுன்னா தாலாட்டுக்கு முன்னாடியே மனப்பாடம் ஆயிடுமே!" என்றாள் வயலட்.

"அந்தப் பாட்டை எழுதினவன் எனக்கு வேணும். சாயங்காலத்துக்குள்ள."

விஷயத்தை அவர் துணி கிழிக்கிற வேகத்தில் சொன்னார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பாலைவனத்தில், பாறையைக் குடைந்து கட்டிய பழைய ஊர் ஒன்று. ராத்திரியோடு ராத்திரியாக நடந்து போய் அதைப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பினால் பெரிய வீரன். ருஹாமாவின் தம்பி ஹனான், பத்தொன்பது வயது, சிநேகிதன் யோவாலோடு கிளம்பினான். எல்லைக் காவல்காரர்கள் சுட்டார்கள். இரண்டு பேரும் பெட்டியில்தான் திரும்பி வந்தார்கள்.

"அடுத்த வருஷம் இந்தப் பாட்டு வந்துச்சு. எழுதினவன் பேரு இசைத்தட்டுல 'ஒருவன்'னு மட்டும் போட்டிருந்தது. வரிகளெல்லாம் தபால்ல வந்துதாம். மெட்டுப் போட்டவரும் இப்ப இல்ல. ஊரே பாடிச்சு. பாடிக்கிட்டே இன்னும் ரெண்டு பசங்க எல்லையத் தாண்டப் போனாங்க. அவங்களும் வரல. அதுக்கப்புறம்தான் ரேடியோல தடை. போன வாரம்தான் அதை எடுத்தாங்க. எங்க வீட்ல அதுக்கு முந்தியே தடை. எங்கயாவது அந்தப் பாட்டு கேட்டா, அம்மா போய் ஜன்னலைச் சாத்திடுவா. போன குளிர்காலத்துல செத்துப்போற வரைக்கும் சாத்தினா."

"தாங்கள் அந்தக் கவிஞரைத் திட்ட விரும்புகிறீர்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"போன வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்." ருஹாமா அளவு நாடாவை விரலில் சுற்றினார். "கூட்டத்துல பாடறவங்கல்லாம் ரெண்டு சரணத்தோட நிறுத்திடுவாங்க. மூணாவதை நான் கேட்டதே இல்ல. போன வாரம் ரேடியோல முழுசாப் போட்டான். கேளுங்க."

பாடவில்லை. கணக்கு ஒப்பிப்பது போல் சொன்னார்.

*மணலில் விரித்தோம் ஒரு வரைபடம், மூவரும் குனிந்தோம்;*
*நேராய் ஒருவன் படித்தான், பக்கவாட்டில் ஒருவன், தலைகீழாய் ஒருவன்;*
*ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு, நடந்து போகுதே;*
*அம்மா, கதவைச் சாத்தாதே.*

"அது ரேஷன் காலம். நூல் கிடைக்காது. அம்மா அவனுக்கு சாக்ஸ் பின்னினா. ஒண்ணு முடியறதுக்குள்ள நீல நூல் தீர்ந்துபோச்சு. ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு இன்னொண்ணைப் பழுப்புல பின்னினா. பூட்சுக்குள்ள யாரு பாக்கப்போறான்னு சொல்லிப் போட்டுவிட்டா. அன்னிக்கு ராத்திரிதான் அவன் போனான். என்னையும் அம்மாவையும் தவிர அந்த சாக்ஸ் யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தப்போ பூட்ஸ் இருந்தது, சாக்ஸ் இல்ல. சாக்ஸ் எங்கடி, சாக்ஸ் எங்கடின்னு அம்மா வருஷக்கணக்கா என்னையே கேட்டா."



"ஆக, மூன்று பேர் போயிருக்கிறார்கள். மூன்றாமவர் பாட்டெழுத உயிரோடு திரும்பியிருக்கிறார்" என்றார் டாக்டர்.

"ஆமா. என் தம்பி கடைசியா என்ன சொன்னான்னு அவன்கிட்ட நான் கேக்கணும். அவ்வளவுதான். இன்னிக்குச் சாயங்காலம் அரங்கத்துல பாராட்டு விழா. அந்தப் பாட்டை எழுதினது நான்தான்னு அவிக்தோர் ஷாஹம் மேடை ஏறப்போறாரு. அவருதான் அந்த ஆள்னா, மேடையிலேயே போய்க் கேப்பேன். இல்லன்னா, ஆயிரம் பேர் முன்னாடி என்னைக் கேனச்சி ஆக்கிடாதீங்க."

ஷாஹமைப் பார்க்க டிஸென்கோஃப் தெருவுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. மணியடிக்கும் பீப் ஒலி ரேடியோவில் வந்ததும் டிரைவர் சத்தத்தைக் கூட்டினார். பஸ் முழுக்க வாயை மூடிக்கொண்டு செய்தி கேட்டது. செய்தி முடிந்ததும் 'மூன்று குடுவை'. கோழிக்கூடையோடு ஒரு அம்மா ஆரம்பித்தார், இரண்டு சிப்பாய்கள் சேர்ந்துகொண்டார்கள், டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். மூன்று குடுவைகளில் ஒன்று ஓட்டையாகிச் சொட்டுகிற இரண்டாவது சரணத்தைப் பஸ்ஸே உருகி உருகிப் பாடியது. மூன்றாவது சரணம் வந்தது. ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வாய் அடைத்துக்கொண்டது. ரேடியோ மட்டும் தனியாகப் பாடியது. கோழிகூடக் கத்தவில்லை.

"இருபது வருஷமாப் பாடற பாட்டு. பாதிதான் தெரிஞ்சிருக்கு" என்றாள் வயலட்.

"எழுதியவருக்காவது முழுவதும் தெரிந்திருக்கும் என்று நம்புவோம்" என்றார் டாக்டர்.

அவிக்தோர் ஷாஹம் காப்பிக் கடையில் நடு மேஜையில் இருந்தார். வெள்ளை முடி, செருப்பு, தொப்புள் வரை திறந்த சட்டை. கூட்டுப்பண்ணைகளில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து பாடும் நிகழ்ச்சிகளில் அக்கார்டியன் வாசித்தே பெயரெடுத்தவர். வயலட்டைப் பார்த்துப் பேசிவிட்டு, பதிலை மட்டும் டாக்டரிடம் எதிர்பார்த்தார்.

"கவிஞரே, ஒரு கால் நீலம், ஒரு கால் பழுப்பு. அதன் பொருள் யாது?"

"நீலம் வானம். பழுப்பு நம்ம மண்ணு. ஒரு காலை வானத்துலயும் ஒரு காலை மண்ணுலயும் வெச்சு நடக்கற தலைமுறை நாங்க."

"கால் வலிக்காதா?" என்றாள் வயலட்.

"தலைகீழாய் வரைபடம் படிப்பவர்?"

"உலகமே தலைகீழாப் போச்சு இல்லையா? அதான்."

டாக்டர் பயபக்தியோடு தலையாட்டினார். "எனக்கு மிகவும் பிடித்தது அந்த நான்காவது சரணம்தான். நரி வந்து குடுவையை முகர்ந்து பார்க்குமே."

ஷாஹமின் கண்கள் கலங்கின. "அதை எழுதறப்போ நான் அழுதேன்யா. ரேடியோக்காரங்க வெட்டிட்டாங்க."

"நான்காவது சரணம் இல்லை, ஐயா. அந்த நரியைச் சற்று முன் பஸ்ஸில் நானே பிடித்தேன்."

ஷாஹம் தமது காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எழுதினேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பாடினேன். பாடிப் பாடி, நீங்கதானே எழுதினதுன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சு வெச்சேன். அப்புறம் சிரிச்சதுக்குப் பாராட்டு விழான்னு வந்துட்டாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"சாயங்காலம் காய்ச்சல்னு படுத்துக்குங்க" என்றாள் வயலட். "வேணும்னா நாக்கை நீட்டுங்க, இவரு டாக்டர்தான். எழுதித் தருவாரு."

வெளியே வந்தபோது மணி இரண்டை நெருங்கியிருந்தது. இரண்டிலிருந்து நான்கு வரை டாக்டர் தூங்கும் நேரம். போர் நடந்தபோதுகூட அதில் மாற்றமில்லை. அந்த நேரத்தில் மாடிப்படியில் பந்து விளையாடிய பையன்கள் இன்று பெரியவர்களாகியும் அவர் வீட்டுப் பக்கம் கால் விரலால்தான் நடப்பார்கள். நிழலில் நின்று வயலட் ஒரு ரொட்டி வாங்கினாள். கத்திரிக்காய் வறுவலும் அவித்த முட்டையும் திணித்தது, அவளுடைய பாக்தாத் சொந்தக்காரர்கள் சனிக்கிழமை காலையில் சாப்பிடுவது. வழிய வழியத் தின்றபடி யோசித்தாள்.

"வானமாம், மண்ணாம். சாக்ஸ் நிஜ சாக்ஸ்தானே டாக்டர்? அப்போ அந்த வரைபடமும் நிஜந்தான். நிஜமாவே ஒருத்தன் தலைகீழா உக்காந்து படிச்சிருக்கான். மத்தவங்களா இருந்தா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்குவாங்க, இல்லாட்டி எழுந்து அந்தப் பக்கம் வருவாங்க. தலைகீழா அப்படியே படிக்கறதுன்னா எங்க தெரு யெமன் பசங்கதான்."

"விளங்கவில்லை."

"நான் வளர்ந்த ரமத் கான்ல எங்க எதிர் வீட்ல யெமன்லேருந்து வந்த குடும்பம். அவங்க ஊர்ல வேதப் புஸ்தகம் கிடைக்கறதே அபூர்வம். வாத்தியார் ஒரே புஸ்தகத்தை நடுவுல வைப்பாரு, பசங்க சுத்தி உக்காருவாங்க. எதிர்ல உக்காந்தவன் தலைகீழாத்தான் எழுத்தே கத்துக்குவான். இங்க வந்தும் அந்தப் பழக்கம் போகல. பரீட்சைல எனக்கு எதிர்ல உக்காந்தவன் என் பேப்பரைத் தலைகீழாவே பாத்து எழுதி என்னைவிட அதிக மார்க் வாங்கினான், கண்ணு! இன்னும் எனக்கு ஆறல."

டாக்டர் நடப்பதை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரன் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனான்.

"வயலட். இன்று காலை என் பேப்பர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது?"

"உங்க பக்கம். ஏன்? நீங்கதானே கட்டம்..." வயலட்டின் வாயிலிருந்த கத்திரிக்காய் அப்படியே நின்றது. "கோவேறு கழுதை!"

"எதிர்ப்பக்கத்திலிருந்து, எலுமிச்சை பிழிந்தபடியே கேள்வியைப் படித்தார்."

"தடை போன வாரம் போச்சு. அந்த ரேடியோ ரிப்பேராவே இல்ல டாக்டர், பலகைக்கு அடியில துண்டு போத்திப் படுத்திருக்கு. நான் பாத்தேன்! மணிக்கு ஒரு தரம் அந்தப் பாட்டு வர்றதால மூடி வெச்சிருக்காரு. ஊர்ல இத்தனை தெரு இருக்க, அந்தக் கடைக்கு நேரெதிர்ல ஏன் கடை போட்டாருன்னு இப்பத்தானே தெரியுது!"

டாக்டர் கையை நீட்டி டாக்ஸியை நிறுத்தினார். மணி இரண்டு அடித்தது.

"தூக்கம்?" என்றாள் வயலட்.

"ஏறுங்கள்."

உலகம் நிஜமாகவே தலைகீழாகத்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் ஏறினாள்.

மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. சாதோக் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் பேப்பரைத் தம் பக்கம் பார்த்து விரித்தார். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் மெதுவாக ஒரு வரி எழுதினார். வயலட் அதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது சாதோக்கின் கண்களை. அவை எழுத்தோடு எழுத்தாக நகர்ந்தன. கடைசி எழுத்து விழுவதற்குள் டம்ளர் தொட்டியில் விழுந்தது.

எழுதியிருந்தது இதுதான்: 'ஹனானுடைய சாக்ஸ் எங்கே?'

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வயலட் எட்டி மூடினாள்.

"அவங்க அனுப்பிச்சாங்களா?" என்றார் சாதோக். நாற்பது வயது ஆள், குரல் மட்டும் பையன் குரலாக இருந்தது.

"தேடச் சொன்னார். தாங்கள்தான் என்று அவருக்கு இன்னும் தெரியாது" என்றார் டாக்டர். "என்னிடம் சொல்ல வேண்டாம். கேட்க வேண்டியவர் எதிரில் இருக்கிறார்."

"எல்லையத் தாண்டினவன் சார் நான். இந்தத் தெருவைத் தாண்ட முடியல. அவன் செத்த சேதி கேட்ட மறுவாரமே சொல்லிடலாம்னு வந்தேன். கல்லாவுல அவங்கம்மா உக்காந்திருந்தாங்க. என்னப்பா வேணும்னாங்க. ஊசின்னேன். மறுநாள் வந்தேன், நூல் வாங்கிட்டுப் போனேன். எங்க வீட்ல தையக்காரன் வேலைக்குப் போறேன்னு நெனச்சுட்டாங்க. அப்புறம் இந்தக் கடை காலியாச்சு, எடுத்தேன். இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் தினமும் ஷட்டரைத் தூக்கறேன்."

"அதான் பாட்டுல சொன்னீங்களா?" என்றாள் வயலட்.

"மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாததை ரேடியோல சொன்னா அந்தம்மா கேக்கும்னு நெனச்சேன். சாக்ஸைக் கேட்டா அவங்களுக்குப் புரியும். எழுதினதே அந்த ஒருத்தருக்குத்தான். ஊரெல்லாம் கேட்டுச்சு, அவங்க ஜன்னலைச் சாத்திட்டாங்க. ரெண்டு பசங்க அதைப் பாடிக்கிட்டே போய்ச் செத்தானுங்க. அதுக்கு மேல நான்தான் எழுதினேன்னு எந்த வாயால சொல்றது?"

வயலட் பலகையைச் சுற்றிப் போய் அவர் முழங்கையைப் பிடித்தாள். "வாங்க கண்ணு. பத்து அடி தெரு. வெயில் வேற. மூணு பேரா தாண்டிடலாம்."

ஊறுகாய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவர் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டார்.

ருஹாமா மூவரையும் பார்த்து, "ஷாஹம் என்ன சொன்னாரு?" என்று ஆரம்பித்தார். பிறகு சாதோக்கின் முகத்தைப் பார்த்தார். "என்னடா சாதோக், உடம்பு சரியில்லையா?"

அவர் டப்பாவைத் திறந்து மேஜை மேல் வைத்தார். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. துவைத்து மடித்து, நடுவில் பூச்சி உருண்டை.

ருஹாமா தொடவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஒரு குடுவை ஓட்டையாயிடுச்சுக்கா. ரெண்டு குடுவைத் தண்ணி மூணு பேருக்குப் பத்தாது. ஒருத்தன் திரும்பணும்னு தீக்குச்சியால சீட்டுப் போட்டோம். திரும்பிப் போற குச்சி ஹனானுக்குத்தான் வந்துச்சு." சாதோக் டப்பா மூடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "எனக்கு சாக்ஸே கிடையாது. வெறும் பூட்ஸ். காலு ரத்தமா இருந்துச்சு. அவன் டார்ச்சைக் கீழே பிடிச்சுப் பாத்தான். குச்சியை என் கைல திணிச்சுட்டு, நீ போடான்னான். மாட்டேன்னேன். அவனே உக்காந்து தன் சாக்ஸைக் கழட்டி என் கால்ல மாட்டிவிட்டான். என் இடத்துல இருக்க வேண்டியவன் அவன்தான்க்கா. குச்சி அவனோடது."

எங்கிருந்தோ, மாடி வீட்டு ரேடியோவாக இருக்கலாம், மூன்று மணிச் செய்தி முடிந்து அந்தப் பாட்டு கிளம்பியது. வயலட் அனிச்சையாக ஜன்னல் பக்கம் போனாள்.

"சாத்தாத" என்றார் ருஹாமா.

மூன்று சரணத்தையும் ருஹாமா கடைசி வரை கேட்டார். டாக்டர் ரோசன்ஹைம் டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வயலட் அதைப் பார்த்ததே இல்லை.

"கடைசியா என்ன சொன்னான்?" என்றார் ருஹாமா.

சாதோக் சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டு நிறுத்தினார். "பெருசா ஒண்ணும் இல்லக்கா. அதனாலயும்தான் சொல்லல. ஏதாவது பெருசா எதிர்பாப்பீங்கன்னு."

"சொல்லுடா."

"வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட சொல்லுடா, நீலம் நல்லாத்தான் இருக்கு, பழுப்புதான் கடிக்குதுன்னு சொன்னான். சிரிச்சுக்கிட்டே போயிட்டான்."

ருஹாமாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து வயலட் பக்கத்தில் போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

"அது என்னோட ஸ்வெட்டர். அதைப் பிரிக்காதம்மா, கடிக்கும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா?"

பழுப்பு சாக்ஸை எடுத்தார். விரல்களை உள்ளே விட்டு, மணிக்கட்டு வரை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையை மூடித் திறந்து பார்த்தார்.

"ஆமாண்டா ஹனான்" என்றார். "இன்னும் கடிக்குதுடா."